ஐந்து கிலோவாட் வேண்டாம் அம்மா, இரண்டு போதும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மன்னார்குடியில் சொந்த வீடு, தரைத்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. நானும் கணவரும் மாமியாரும் இருந்த வீட்டில் இப்போது மகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். ஜூன் மாத கரண்ட் பில் 5,400 ரூபாய் வந்ததும் மிரண்டுவிட்டோம். சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து பார்த்து ஐந்து கிலோவாட் போட வேண்டும், மூன்று லட்சம் ஆகும், பேட்டரியோடு என்றால் ஐந்து லட்சம், பில் ஜீரோ ஆகிவிடும், மின்வெட்டிலும் எல்லாம் ஓடும், மிச்ச கரண்டை விற்கலாம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் உடனே போட்டுவிடலாம் என்கிறான். கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் மாடியில் விழுகிறது. மாமியாருக்கு வீசிங் இருப்பதால் கரண்ட் போகும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தில் செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. ஒரு வருடத்து ரசீது ஆறையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வீட்டு மின் கணக்குப் பார்க்கும் என் வேலையில் இப்படிச் செய்பவர்கள் குறைவு. கோடைக்கால ரசீது ஒன்றைக் காட்டித்தான் பெரும்பாலும் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவரும் ஜூன் ரசீதை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோலார் போடுங்கள், நல்ல காரியம். ஆனால் ஐந்து கிலோவாட் வேண்டாம், இரண்டு போதும். அதற்கும் முன்னால் வீட்டில் இருக்கும் ஐந்து மின்விசிறியை மாற்றுங்கள். ஏன் என்பதை உங்கள் ரசீதை வைத்தே காட்டுகிறேன்.

பிப்ரவரியில் 430 யூனிட், ஏப்ரலில் 640, ஜூனில் 860, ஆகஸ்டில் 780, அக்டோபரில் 590, டிசம்பரில் 480. ஆக மொத்தம் 3,780 யூனிட். கட்டிய பணம் 19,078 ரூபாய். இதைச் சராசரியாக வகுத்து யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே கணக்கு தப்பிவிடும். நம் ஊர் மின் கட்டணம் மாடிப்படி மாதிரி. மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிக்கொண்டே போகும். உங்கள் ரசீதுகளில் இருக்கும் விலைப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றுவிட்டால் அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோய்விடும். 101-லிருந்து 400 வரை முழுக்க 4.70 கட்ட வேண்டும். 500 வரை அதே 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50.

சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய் வரும். 501 ஓட்டிய வீட்டுக்கு 2,048. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் அம்மா. ரீடிங் எடுக்க வரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதற்காகத்தான்.

ஜூன் மாதம் நீங்கள் கட்டிய 5,400-இல் 500-க்கு மேல் போன 360 யூனிட்டுக்கு மட்டும் 3,360 ரூபாய். சோலார் வந்ததும் முதலில் வெட்டுவது இந்த உச்சிப் படிகளைத்தான். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் என்றால் நாளைக்கு எட்டு, இரண்டு மாதத்துக்கு 480. இருவழி மீட்டர் வைத்து, நீங்கள் வாரியத்துக்கு அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டிலிருந்து கழித்து, மிச்சத்துக்குத்தான் பில் போடுவார்கள். 860 யூனிட் ஓடிய அதே ஜூனில் 380-க்குத்தான் கட்ட வேண்டியிருக்கும்: 1,081 ரூபாய். மற்ற ரசீதுகளையும் இப்படியே போட்டுப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஆண்டு முழுவதற்கும் நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய 2,000 ரூபாய். 17,000 மிச்சம்.

இப்போது ஐந்து கிலோவாட்டைப் பாருங்கள். பில் ஜீரோ ஆகும் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டு கிலோவாட்டிலேயே 2,000-க்கு வந்துவிட்ட பில்லைத்தான் அது ஜீரோ ஆக்குகிறது. மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அத்தோடு நின்றுவிடும். மூன்று போட்டாலும் ஐந்து போட்டாலும் 78,000-தான். இரண்டு கிலோவாட் இன்றைக்கு 1,45,000 அளவில் முடிகிறது, மானியம் 60,000 போக உங்கள் கையிலிருந்து 85,000. ஐந்துக்கு மூன்று லட்சம், மானியம் போக 2,22,000. கூடுதலாகப் போகும் 1,37,000 ரூபாய் மின் கட்டணத்தில் உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு இரண்டாயிரம். ஓய்வூதியப் பணத்தை இதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சத்தை விற்கலாமே என்பார். ஐந்து கிலோவாட் ஆண்டுக்கு 7,000 யூனிட் தரும். உங்கள் தேவை அதில் பாதிதான். யூனிட்டுக்கு என்ன விலை, எந்த உத்தரவின்படி, எப்போது கணக்கில் வரும் என்று அவரையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். நீங்கள் வாரியத்துக்குக் கட்டும் விலைக்கு அது பக்கத்தில்கூட வராது. அதை வருமானமாக எண்ணி கடன் வாங்கிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறீர்கள், இன்னொரு ஏ.சி. வரப்போகிறது என்றால் மூன்று கிலோவாட் போடுவதில் தவறில்லை. அதற்கு மேல் எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மின்விசிறிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஓடுவது பழைய விசிறிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 75 வாட் தின்னும். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றை 30 வாட்டில் கொடுக்கும். விசிறிக்கு 45 வாட் மிச்சம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து விசிறி, நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 189. மார்கழி, தை மாதங்களில் குறைவாக ஓடும் என்பதால் சராசரியாக 150 என்றே வைத்துக்கொள்கிறேன்.

மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவே அஞ்சு நிமிஷம் ஆகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் ஃபுட் வால்வின் கசிவு. ஒவ்வொரு முறையும் குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டு வால்வை மாற்றிவிடுங்கள். பதினைந்து வருட ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் இரவும் பகலும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இவை இரண்டுக்கும் சேர்த்து 30 யூனிட் என்று குறைவாகவே போடுகிறேன். ரசீதுக்கு 180 யூனிட் இறங்கினால், சோலாரே இல்லாமல் உங்கள் ஆண்டுக் கட்டணம் 19,078-லிருந்து 10,482-க்கு வந்துவிடும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால் செலவு 15,000. போட்ட பணம் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். எந்த சோலாரும் இவ்வளவு சீக்கிரம் திரும்பித் தராது.

ஏ.சி.யைப் பற்றிப் பேரப் பிள்ளைகளிடம்தான் பேச வேண்டும். 18-இல் வைத்துப் போர்வை போர்த்தித் தூங்குவதை விட்டு, 25-இல் வைத்து மேலே விசிறியைப் போட்டால் உடம்புக்கு அதே சுகம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் வாரியம் சொல்லும் கணக்கு. ஆனால் உங்கள் படுக்கையறையில் ஏ.சி. இரவெல்லாம் போராடுவதற்கு இன்னொரு காரணம் மேல்தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்குத்தான் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். பங்குனி பிறக்கும் முன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்துவிடுங்கள். நிழல் இடம் கொடுத்தால் பேனல்களையும் அந்த அறைக்கு நேர் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். பேனல் நிழலில் நிற்கும் கூரை அவ்வளவாகச் சூடேறாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாமியாரின் வீசிங்தான்.

மின்வெட்டிலும் எல்லாம் ஓடும் என்று கம்பெனிக்காரர் சொன்னது, பேட்டரி இல்லாத சாதாரண சோலாருக்குப் பொருந்தாது. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றி, வாரியத்து லைனோடு சேர்ந்து இயங்கும் சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் நின்ற சில நொடிகளில் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும், பேனல் முழுக்க வெளிச்சம் இருந்தாலும் வீட்டில் ஒரு பல்பு எரியாது. இது பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தையொட்டிக் கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்டாவில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம். மாடியில் பேனல் தப்பித்து நின்ற வீடுகளும் அந்த இருட்டில்தான் இருந்தன. லைன் வரவில்லை என்றால் இந்த வகை சோலார் வராது.

ஆனால் அதற்காகக் கூடுதலாக இரண்டு லட்சம் கொடுத்து பேட்டரி வாங்க வேண்டாம். உங்களிடம்தான் 150 ஏ.ஹெச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறதே. அந்தப் பேட்டரியிலிருந்து பாதகமில்லாமல் எடுக்கக்கூடியது 1,200 வாட்-மணி அளவு. பழைய விசிறி மூன்றும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் போட்டால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புது விசிறிகளோடு அதே பேட்டரி பதினோரு மணி நேரம் நிற்கும். விசிறியை முதலில் மாற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். நெபுலைசர் பத்து நிமிடம் ஓடுவதற்கு மிகக் கொஞ்சம்தான் எடுக்கும். மாமியார் அறையில் அதற்கான பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதை மட்டும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் விசிறியும் விளக்கும் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கும், பிளக் இருக்காது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினீர்கள்? நினைவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள். மாமியாருக்கு என்றைக்காவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் தேவைப்படும் நிலை வந்தால் எனக்கு எழுதுங்கள். அது மணிக்கணக்கில் ஓடும் இயந்திரம், அப்போது பேட்டரிக் கணக்கு வேறு.

இனி தென்னை நிழல். கிழக்கிலிருந்து காலை ஒன்பதரை வரை விழும் நிழலுக்காகக் கவலைப்படாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் மரத்தை வெட்டவும் கேட்காதீர்கள். அந்த நேரத்து இளவெயிலில் கிடைப்பதே கொஞ்சம். ஒன்பதரையிலிருந்து மூன்றரைக்குள் விழும் நிழல்தான் எதிரி. அது பெரும்பாலும் நம் வீட்டுப் பொருளாகவே இருக்கும்: தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை, டிஷ் கம்பம்.

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் உற்பத்தி பாதிக்குக் கிட்டத்தட்ட இறங்குகிறது என்று கூப்பிட்டார்கள். இன்வெர்ட்டரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, வயரை எல்லாம் சோதித்தாகிவிட்டது. நான் மதியம் மாடிக்குப் போனபோது கொடியில் இரண்டு புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதன் நிழல் பேனல்களின் கீழ் வரிசையில் கைப்பிடி அகலத்துக்குப் படிந்திருந்தது, அவ்வளவுதான். துவைக்கிற நாளும் உற்பத்தி குறைந்த நாளும் ஒன்றாக இருந்தன. பேனலில் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அது குழாயை மடக்கிப் பிடித்த மாதிரி. அதோடு கோத்த மற்றவற்றின் மின்சாரமும் அங்கே தடைபடும். கொடியை வடக்குப் பக்கம் மாற்றிக் கட்டினோம், சரியாகிவிட்டது.

அதனால் கம்பெனிக்காரர் அளவெடுக்க வருவதற்கு முன் நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். காலை ஒன்பதரை, மதியம் பன்னிரண்டு, பிற்பகல் மூன்றரை, மூன்று வேளையும் மாடிக்குப் போய் நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சாக்பீஸ் உங்களுக்குப் புதிதில்லை. மார்கழியில் செய்தால் இன்னும் நல்லது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் எட்டடி உயர மாடிப்படி அறையின் நிழல் நடுப்பகலிலேயே வடக்கே ஐந்தடிக்கு மேல் நீளும். ஆனியில் அதே நிழல் தெற்கே திரும்பிவிடும். வெயில் காலத்தில் மட்டும் பார்த்து இடம் குறித்தால் மழைக்காலத்தில், உற்பத்தி ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரத்தில், இன்னும் அடி வாங்கும். கோடுகளுக்கு வெளியே 200 சதுர அடி கிடைத்தால் போதும். இரண்டு கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் நான்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம்; நடந்து போய்த் துடைக்க வழியும் விட வேண்டும்.

பொருத்தும் விதத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் அடித்தளம். உங்கள் மாடியில் தட்டு ஓடு பதித்திருக்கிறது. ஓட்டுக்கு மேலேயே கான்கிரீட் கட்டையை வைத்து அதில் கம்பியை நட்டுவிட்டுப் போவார்கள். கஜாவில் கட்டையோடு பிடுங்கிக்கொண்டு போன பேனல்கள் அப்படி நட்டவைதான். கால் நிற்கும் இடத்தில் மட்டும் தட்டு ஓடுகளையும் அவற்றின் அடியில் இருக்கும் சுர்க்கியையும் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) எடுத்துவிட்டு, கீழே இருக்கும் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கி, சுற்றிலும் மேடை கட்டி, தண்ணீர் இறங்காமல் பூச வேண்டும். கம்பி துத்தநாக முலாம் பூசியதாக இருக்கட்டும். பேனலுக்கும் தரைக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். சூடு ஏறினால் பேனல் சோர்ந்துபோகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும், கத்திரி வெயிலில் பேனல் 60-ஐத் தாண்டும். மே மாதத்தைவிட மார்ச் மாதத்தில் உற்பத்தி நன்றாக இருப்பதைப் பார்த்து நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். தெற்கு பார்த்து பத்து, பன்னிரண்டு டிகிரி சாய்வு. சமதளமாக வைத்தால் அழுக்கு மழையில் வழியாமல் கீழ் ஓரத்திலேயே தங்கிவிடும். இடிதாங்கிக்கு தனி எர்த் போட வேண்டும், மற்றதோடு சேர்த்து இழுத்துவிட அனுமதிக்காதீர்கள்.

துடைப்பது பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். விடியற்காலையில் செய்யுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்றால் பேனலிலும் விடும். மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு வாளி எடுத்து, ஊற்றியதும் துணி மாப்பால் இழுத்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் விஷயத்தில், மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும்தான் தகுதி, டி.சி.ஆர். பேனல் என்பார்கள். விலைப்பட்டியலில் அந்தச் சொல்லும் பேனல் எண்களும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பழைய வரி போட்ட விலையைக் காட்டினால் கேளுங்கள். இருவழி மீட்டர் பொருத்தி ஓடத் தொடங்கும் வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கம்பெனி கணக்குக்கு இல்லை. விண்ணப்பத்தை உங்கள் கைபேசி எண்ணிலேயே பதியச் சொல்லுங்கள், அவர்களுடைய எண்ணைப் போட்டால் தகவல் எதுவும் உங்களுக்கு வராது.

கடைசியாக, ரசீதில் நான் கவனித்த ஒன்று. இணைப்பு இன்னும் உங்கள் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் இருக்கும் பெயரும் விண்ணப்பிப்பவர் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியம் நடுவழியில் நின்றுவிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். அது முடிந்து வருவதற்குள் விசிறிகளை மாற்றி ஒரு ரீடிங் பார்த்துவிடலாம். அந்த ரசீதையும் சாக்பீஸ் கோட்டோடு மாடிப் படத்தையும் அனுப்புங்கள், எந்த மூலையில் பேனல் வைப்பது என்று குறித்துத் தருகிறேன்.